தேவைப்படுவன

மதியம் மூன்று. காந்தி ரோட்டில் கரண்ட் இல்லை.
லேப்டாப்பில் மிச்சம் நாற்பத்தொரு சதவீதம்.
கோப்பின் தலையில்
'தேவைப்படுவன' என்கிற இடத்துக்கு எதிரே
கர்சர் துடிக்கிறது.
ஒரு வரி. சேர்க்கலாமா?

நான் எழுதியிருப்பது சின்ன நீட்சி.
எடிட்டருக்குள் தமிழை எழுத்தெழுத்தாய் எண்ணும்.
'கொ' என்றால் ஒன்று, இரண்டல்ல. அவ்வளவுதான்.
தினமும் அதைத் திறப்பவர், எனக்குத் தெரிந்து,
குடியாத்தம் முனிரத்தினம் மட்டும்:
தீப்பெட்டி லேபிளில் வாசகம் அடக்குகிறவர்.
அவர் எடிட்டருக்கு வயது பத்துக்கு மேல்.
"ஓடுது இல்ல? இன்னாத்துக்குமா நோண்டற?"

புதுசுக்குத் தெரிந்த ஐந்து கட்டளைகள்
அந்தப் பழசுக்குத் தெரியாது.
இணக்க நூலகம் ஒன்று இருக்கிறது,
பழசின் காதில் புதுசை ஓதும்.
எழுதியவர் எந்த ஊரோ.
நாம் உச்சிவெயிலில் காயும்போது
அவர் போர்வைக்குள் இருக்கலாம்,
இந்த வேலை அலுத்தும் போயிருக்கலாம்.

என் அறைக்கு நேர் கீழே மருந்துக்கடை.
கவுண்டருக்கு இந்தப் பக்கம் மால்டா, தன்பாத்.
அந்தப் பக்கம் ஜெபராஜ்.
நடுவில் தபன்.
அக்காவின் இதயத்துக்காக வந்து
அக்கா திரும்பிய பிறகும்
லாட்ஜிலேயே தங்கிவிட்டவர்.
ஒரு காதில் வங்காளம் நுழையும்,
வாயில் வேலூர்த் தமிழ் வரும்.
கூலி, ஒரு டீ.

கார்த்திகையில் தபன் ஊருக்குப் போனார்.
அன்றைக்கு ஒரு பெண்
வயிற்றைத் தொட்டாள், முதுகைத் தொட்டாள்,
பிறகு கவுண்டரின் கண்ணாடியைத் தொட்டபடி நின்றாள்.

மறுநாள் ஜெபராஜின் பில் புத்தகத்தின் முதுகில்
ஐந்து சொற்கள்.
கொத்தாய் பேத்தா: எங்கே வலி.
கொதோ தின்: எத்தனை நாள்.
ஜல், தண்ணீர். ராத்ரே, ராத்திரி.
கால், நாளை.
"இது போதும்க்கா. யாரையும் நம்பி இருக்க வேணாம்."

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.
ஐந்தையும் என் கையாலேயே எழுதினேன்.
முப்பது வரி, சுத்தமாக.
ஒரு வாரம் ஓடியது.
காலி வரி ஒன்று வந்ததும்
எண்ணி முடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.
அந்தக் காலி வரியை நூலகம்
ஆறு வருடம் முன்பே சந்தித்துத் தீர்த்திருந்தது.

கீழேயும் அதே வாரம்.
மாத்திரை போட்டாச்சா என்று சைகையில் கேட்டதற்கு
பெரியவர் "கால்" என்றார்.
ஜெபராஜ் முதலில் அவர் காலைப் பார்த்தான்.
பிறகு புத்தகத்தைப் பார்த்தான்: நாளை.
அதற்குள் திரும்பி வந்திருந்த தபன்
டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்.
நேற்றுக்கும் நாளைக்கும் அவர்களிடம் ஒரே சொல்லாம்.
பெரியவர் நேற்றே போட்டுவிட்டார்.

சரி, நூலகமே என்று திறந்தால்
புதிய பதிப்பின் முதல் பத்தியிலேயே:
இருபத்தைந்துக்குக் கீழே இனி ஆதரவு இல்லை.
முனிரத்தினம் இருபத்து நான்கு.

பன்னிரண்டு சதவீதம்.
போன் போட்டேன். "எடிட்டர மாத்திடலாமா அண்ணா?"
பின்னால் மிஷின் சத்தம்.
"ஆடி தாண்டட்டும்மா. லோடு நிக்குது."

வரியைச் சேர்த்தேன்,
பழைய பதிப்பின் எண்ணைப் பக்கத்தில் கட்டி.
அதன் நகல் ஒன்று பென் டிரைவில்;
சனிக்கிழமை குடியாத்தம் பஸ்ஸில் என்னோடு வரும்.
வரிக்கு மேலே ஒரு குறிப்பு:
இது ஊருக்குப் போய்விட்டால்
கேட்க வேண்டியது என்னை.

கரண்ட் வந்தது.
கீழே யாரோ "கால்" என்கிறார்கள்,
ஜெபராஜ் கேட்கிறான்:
"எந்த கால்?"