ஞாயிறு, சற்றுத் தாமதமாக

விசுவாவசு, ஐப்பசி பதினாறு.
சூரிய உதயம் 6.04 என்கிறது தாள்.
மூஞ்சிக்கல்லில் என் மருந்துக்கடைக்கு
எதிர்மேட்டுத் தைலமரங்களைத் தாண்டி
வெயில் வந்து சேர 7.50 ஆகும்,
அதுவும் மேகம் விட்டால்.
அப்படியானால் ராகு காலமும்
எங்கள் தெருவுக்கு ஒன்றேமுக்கால் மணி
தள்ளித்தானே வர வேண்டும்?
ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த லூர்துராயன்
"நல்ல கணக்கு,
வட்டிக்காரர்கிட்டயும் இதையே சொல்லுங்க" என்றான்.

நேற்றைய தாளை நான் வீசுவதில்லை.
நாலாய்க் கிழித்துப் பின்பக்கம்
"காலை 1, இரவு 1, சாப்பிட்ட பின்"
என்றெழுதி மாத்திரையோடு மடித்துத் தருகிறேன்.
இந்த ஊரின் பல அலமாரிகளில்
என் கிறுக்கலுக்கு மறுபுறம்
ஒருவருக்குக் கரிநாள்,
ஒருவருக்குச் சுபமுகூர்த்தம்.
இதுவரை யாரும் திருப்பிப் பார்த்துச்
சண்டைக்கு வரவில்லை.

இன்று சூலம் மேற்கு. பரிகாரம் வெல்லம்.
பூம்பாறைக்காரி பவளக்கொடி
காய்ச்சல் மருந்தைப் பூண்டுச் சாக்கில் செருகிவிட்டு
ஒரு துண்டு வெல்லத்தைக் கடைவாயில் அடக்கி
பஸ் ஏறுகிறாள்.
முதல் வளைவில் பஸ் தெற்கே பார்க்கும்,
அடுத்ததில் கிழக்கே திரும்பி
விட்டுவந்த ஊரையே பார்க்கும்,
மாடு குறுக்கே நின்றால் கொஞ்ச நேரம்
திசையே கிடையாது.
மலையில் எவரும் மேற்கே போவதில்லை;
போய்ச் சேர்ந்தபின்தான் தெரியும்
அது மேற்கு என்று.
வெல்லம் பாட்டுக்குக் கரைகிறது.

சந்திராஷ்டமம்: ஆயில்யம்.
அது நான்.
மொத்தக்கடை பில்லில் முந்நூற்று நாற்பது ரூபாய்
கூடுதலாய் இருந்ததைப் பார்த்தும்
போனைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறந்தது தாது வருஷம், தொண்ணூற்றாறில்.
அதற்கு முந்தின தாது முப்பத்தாறில்.
அதற்கும் முந்தினது 1876:
தாது வருஷப் பஞ்சம்.
கீழே லட்சக்கணக்கில் செத்து முடிந்தபின்
கமிஷன் போட்டு யோசித்தார்கள்,
சூரியன் முகத்துப் புள்ளிகளை எண்ணினால்
மழை பொய்ப்பது முன்கூட்டித் தெரியுமோ என்று.
அந்த யோசனை வளர்ந்து வளர்ந்து
மேலே நிற்கிறது அப்சர்வேட்டரி, 1899-லிருந்து.
நூறு வருஷத்துக்கு மேலாய்
வானம் திறந்த நாளெல்லாம் சூரியனுக்குப் படம்.
புள்ளிகள் கிடைத்தன.
பஞ்சத்தின் தேதி கிடைக்கவில்லை.
பஞ்சாங்கம் மட்டும் சளைக்காமல்
இந்த வருஷம் இத்தனை மரக்கால் என்று
சித்திரையிலேயே அளந்துவிடுகிறது.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும்.
மூடுபனி நாட்களில்
அந்தப் பதிவேட்டில் என்ன எழுதுவார்கள்?
சூரியன் வரவில்லை என்றா,
நாங்கள் பார்க்கவில்லை என்றா?

நாலரைக்குக் கல்லறையிலிருந்து
ஜெசிந்தா டீச்சர் வந்தார்.
ஆத்துமாக்கள் நாள்; மெழுகு சொட்டி
கட்டைவிரல் கன்றியிருந்தது.
களிம்பை நானே திறந்து கொடுத்தேன்.
"பதினெட்டுல, குறிஞ்சி பூத்த மாசம் போனார்.
கால்வலி, அடுத்த தடவை பாத்துக்கலாம்னார்."
பேச வேறு தெரியாமல்
காலண்டர் புத்தியில் கணக்குச் சொன்னேன்:
அறுபதுக்குள் பன்னிரண்டு ஐந்து முறை.
அதனால் குறிஞ்சிக்கு வாய்ப்பதெல்லாம்
அதே ஐந்து வருஷப் பெயர்கள்தான் டீச்சர்.
எழுபதில் சாதாரண, பிறகு துந்துபி, பவ, விய,
சார் போன வருஷம் விளம்பி.
இரண்டாயிரத்து முப்பதில் மறுபடி
சாதாரண.
விரலை ஊதிக்கொண்டே
"சாதாரணமா பூத்தாப் போதும்ப்பா" என்றார்.
சில்லறை இல்லை; இருமல் மிட்டாய் கொடுத்தேன்.

கரண்ட் போயிற்று. வந்தது. மறுபடி போயிற்று.
செல்போன் வெளிச்சத்தில் இன்றைய தாளைக் கிழித்துப்
பின்பக்கம் எழுதினேன்:
7.50. பார்க்கவில்லை.

நாளை இதுவும் நாலாகும்.
அந்தத் துண்டு
சளி மாத்திரையோடு போனால் பரவாயில்லை.
சுகர்க்காரர் யாருக்காவது போனால்
காலை 7.50-க்கு எதைப் பார்க்கவில்லை என்று
கடைக்கே வந்து கேட்பார்.