இடக்கையால் வரைந்த பூ

உயரம்: இருபது மீட்டர் வரை என்கிறது படிவம்.
பாலே மலைச் சரிவில் நின்று அண்ணாந்தால்
பாதி மரம்தான் தெரிகிறது.
மீதியை மேகம் வைத்துக்கொண்டிருக்கிறது.

வழக்குப் பெயர்: கோசோ.
ஓரோமோக்காரர்களுக்கு ஹேத்தோ.

பட்டை செம்பழுப்பு. உரியும்.
வெயில் தின்ற தோள்போல மெல்லிய ஏடுகளாய்;
ஓர் ஏட்டைத் தூக்கினால் அடியில் இன்னும் இளஞ்சிவப்பு,
தூக்கியிருக்கக் கூடாதோ என்று தோன்றும்.
அடிமரம் கோணல். கவட்டில் பாசி,
பாசியில் பெரணி,
பெரணியின் வேரில் நேற்றைய மழை.

இலை, கிளை நுனியில் மட்டும், கொத்தாக.
கூட்டிலை. சிற்றிலைகள் பதின்மூன்று.
(அடுத்ததில் எண்ணினேன், பதினொன்று.)
விளிம்பு ரம்பப்பல். அடிப்புறம் வெள்ளி மயிர்.
காற்று புரட்டும்போது
மரம் ஒரு நொடி நரைத்து
மறுபடி இளமைக்கு வருகிறது.
உதிர்ந்த இலை ஒவ்வொன்றும் ஒரு வளையத் தழும்பு விட்டுப் போக
கிளை முழுக்க மோதிரங்கள்.

‘அது பூக்கும்போது’ என்று அடுத்த வரியைத் தொடங்கினேன்.
"எது?" என்றாள் மோமினா.

"இது ஆண். பார், மோர் நிறப் பூ.
பெண் ஓடைக்கு அந்தப் பக்கம்.
என் தேன்கூடுகள் இரண்டும் அதில்தான்."

படிவத்தில் மலருக்கு ஒரே கட்டம்.

ஓடைக்கரையில் ஓட்டுநர் தெஸ்ஃபலெம் வண்டியிலிருந்தே கத்தினார்:
"அந்தப் பூவை என் கண்ணில் காட்டாதே!"
சிறு வயதில், இரண்டு மாதத்துக்கொரு முறை,
நாடாப்புழுவுக்கு அரைத்து ஊற்றுவார்களாம்.
அன்றைக்கு யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை.
வாசலில் ஆள் வந்து நின்றால்
‘கோசோ குடித்திருக்கிறார்’ என்று உள்ளிருந்து பதில் வரும்.
கடன் கேட்க வருகிறவனுக்கும் அதே பதில்தான்.
"என் அப்பா ஒரு வருடத்தில் நாற்பது முறை குடித்தார்" என்று
அவர் சிரித்த சிரிப்பு
குளிர்ந்த நீரைக் கடக்கும்வரை கூடவே வந்தது.

பெண் மரம்.
முழங்கை நீளக் கொத்துகள்,
சாயத்தில் முக்கிப் பிழியாமல் தொங்கவிட்ட
சிவப்புக் கம்பளி மாதிரி, கனத்து.
சூல் பிடித்த பின் புல்லி விரிந்து
காய்க்குச் சிறகாகும்.
இதழ் என்று நான் நினைத்ததெல்லாம் சிறகுக்கான ஏற்பாடு.

கிட்டப் போய்ப் பார்க்கத்தான் ஒரு கிளையை வளைத்தேன்.
மூங்கில் உருளைக்குள் ஏதோ விழித்தது.

மோமினா நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்தாள்.
பிறகு புகையை ஊதிக்கொண்டே
கூட்டிடம் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னாள்.
மன்னிப்புக் கேட்டாளா, என்னைக் காட்டிக்கொடுத்தாளா, தெரியவில்லை.
வலக்கை ரொட்டி மாவாய் உப்பியது.
வெளிச்சமோ இன்னும் ஒரு மணி நேரம்.
மேகம் இறங்கினால் பூ இல்லை, மரம் இல்லை, நாங்களும் இல்லை.

இடக்கையில் பென்சில்.

ஆண் பூ காலையில் வரைந்தது: கோடு துல்லியம்,
இருபது மகரந்தத்தாள், ஒவ்வொன்றும் தனித்தனி.
பெண் பூ நடுங்குகிறது. சூலகம் சற்றே சாய்வு.
சிறகு ஒன்று கட்டத்தைத் தாண்டிவிட்டது.

இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்த மோமினா
முதலாவதைத் திருப்பிக் கொடுத்தாள்.
இரண்டாவதை வைத்துக்கொண்டு
தன் கூடுகள் இருக்கும் கிளை எங்கே என்று கேட்டாள்.
வரையவில்லை என்றேன்.
அப்படியென்றால் முடியவில்லை என்றாள்.

மூன்று வாரம் கழித்து அடிஸ் அபாபாவிலிருந்து கடிதம்:
பெண் மலரின் கோடு உறுதியாக இல்லை, மீண்டும் வரைக.
கை எப்போதோ சரியாகிவிட்டது.
வரையவில்லை.

படிவத்தில் மட்டும் ஒரு திருத்தம் செய்து அனுப்பினேன்.
மகரந்தம் கொண்டுசேர்ப்பது: காற்று,
என்று அச்சிட்டிருந்தது.
பக்கத்தில் எழுதினேன்:
தேனீயும் வரும். கண்டது ஒன்று.
மிக அருகில்.