முப்பத்தோராவது பதிவு

வெள்ளையும் கறுப்புமாய்க் கட்டை இருந்தால்
அது அக்கார்டியன், கணக்கில் சேராது.
தரையில் வைத்து ஒரு கையால் காற்றடித்தால்
ஆர்மோனியம். அதுவும் சேராது.
ஆறு மூலை வேண்டும்.
இரு பக்கமும் பொத்தான் வேண்டும்.
நடுவே மடிப்பு மடிப்பாய்த் துருத்தி.
பெயர் கான்சர்ட்டினா.
விதி போட்டது லேப் ஜெசிந்தா,
ஒப்புக்கொண்டது எக்ஸ்ரே அறையில் நான்.

செக்காலை ரோட்டு ஆஸ்பத்திரி.
இரவு இரண்டு மணிக்கு
எங்களோடு விழித்திருப்பது டீவி ஒன்றுதான்.
தீர்ந்துபோன ஃபிலிம் ரிஜிஸ்டரைத் திருப்பிப் போட்டு
பின்பக்கத்திலிருந்து எழுதிவருகிறோம்.

பதிவு நான்கு: கப்பல் படம்.
மாலுமி மீசை நன்றாக இருந்தது.
பெட்டி தலைகீழ்.

பதிவு ஒன்பது: பகல் சீரியல், மறு ஒளிபரப்பு.
மாமியார் பாலில் எதையோ கலக்கிறாள்,
பின்னால் அலமாரியில்
பீங்கான் ஜாடியை ஒட்டி மூன்றே விநாடி.
டிபன் கேரியர் என்றாள் ஜெசிந்தா.
டிபன் கேரியருக்கு ஏதடி மூலை?

பதிவு பதினேழு: பிஸ்கட் விளம்பரத்தில் கரடி பொம்மை.
இதுவரை சரியாகப் பிடித்திருப்பது
அந்தக் கரடி மட்டும்தான்.

மற்றவர்கள் எல்லாம்
விரலை ஓட்டுகிறார்கள், கண்ணை மூடுகிறார்கள்,
பாட்டு பொங்குகிறது,
துருத்தி அசைவதே இல்லை.
மூச்சை இழுங்க, பிடிங்க, ம், விடுங்க என்று
நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்கிறவள் நான்.
பிடித்த மூச்சு எப்படி இருக்கும் என்று தெரியும்.
கதாநாயகன் முழுப் பாட்டுக்கும் பிடிக்கிறான்,
யாரும் அவனை விடச் சொல்லவில்லை.

பழைய சாமான் கடைத் தெனப்பன் போன் செய்தார்.
(அவருடைய விலா எலும்பு பன்னிரண்டும்
போன ஆடியிலிருந்து எனக்குப் பழக்கம்.)
"நீங்க தேடுற பெட்டி ஷூட்டிங்குக்குப் போகுது,
கானாடுகாத்தான். நாள் வாடகை ஆயிரத்து இருநூறு."

வார விடுப்பில் பஸ் ஏறினேன்.
இரண்டாங்கட்டில் ஆத்தங்குடிக் கல் கீறாமலிருக்கப்
பாய் விரித்து, அதன்மேல் கேபிள், அதன்மேல் ஆட்கள்.
பிளாஸ்டிக் நாற்காலியில்
டீத் தம்ளருக்குப் பக்கத்தில் அது.
முப்பது பதிவுக்குப் பிறகு
கண்ணாடித் திரை இல்லாமல் முதல் தடவை.
தோல் வார் அறுந்து நைலான் கயிறு.
இடப்பக்கம் மூன்றாவது பொத்தான்
யாரோ ஒட்டிய சட்டைப் பொத்தான்,
நான்கு ஓட்டையோடு.

தள்ளினேன். ஒன்றுமில்லை, வெறும் காற்று,
கொஞ்சம் கரப்பான் வாசனை.
இழுத்தேன்.
ங்ஙே.
கன்றுக்குட்டி பாதி, ஆம்புலன்ஸ் பாதி.

ஹெட்போன் மாட்டியவர் கையைத் தூக்கினார்.
திட்டப்போகிறார் என்று கீழே வைக்கப் போனேன்.
"மேடம், இன்னொரு வாட்டி. மெதுவா."
மெதுவாக இழுத்தேன்.
முற்றம் முழுக்க வாய் மூடி நின்றது,
எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி.

தை மாதம் படம் வந்தது.
பால்கனியில் நானும் ஜெசிந்தாவும், மடியில் ரிஜிஸ்டர்.
பெட்டி வரும் காட்சியையே வெட்டிவிட்டார்கள்.
இடைவேளையில் அவள் சமோசா வாங்கித் தந்தாள்,
துக்க வீட்டில் காபி தருகிற முகத்தோடு.

இரண்டாம் பாதி. நள்ளிரவு.
நாயகி விளக்கோடு வந்து
ஆளுயரத்துக்கு இரு மடங்கு தேக்குக் கதவைத் தள்ளுகிறாள்.
கதவு திறக்கிறது.
ங்ஙே.

முன் வரிசையில் ஒரு குழந்தை அழுதது.
எனக்கு இடது கை மூன்றாம் விரல் துடித்தது.
"நான்தான்" என்றேன் சத்தமாக.
நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்த்தால்தான் பதிவு, கேட்டால் கிடையாது
என்கிறாள் ஜெசிந்தா.
விதியில் அப்படி எங்கே இருக்கிறது என்கிறேன்.
பங்குனி பிறந்தும் தீரவில்லை.
31 என்று எண் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.
நேற்று டூட்டி மாறும்போது பார்த்தால்
எதிரே, அவள் கையெழுத்தில்,
அழிக்க வசதியாகப் பென்சிலில்:
கதவு.