பதினெட்டு விழுக்காடு ஈரம்

அக்டோபர் பாதி. நெப்ராஸ்கா.
தானியக் கிடங்கின் வாசலில் பதினான்கு லாரிகள்,
பதினான்கிலும் மக்காச்சோளம்.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
வரிசை ஒரு லாரி நீளம் நகர்கிறது.
"இருபத்துமூன்று கஜம் இருக்கும்" என்கிறார் வெர்லன் குச்செரா,
"நம்ம பையன்கள் சனிக்கிழமை
ஒரே மூச்சில் இவ்வளவு தூரம் போனதில்லை."

எல்லாரும் இறங்கிவிட்டோம்.
என் லாரியின் முகப்பு இன்னும் சூடாக இருப்பதால்
காப்பிக் குவளைகள் அதன்மேல்தான்.
காற்றில் வரும் செந்நிறச் சோளத்தூள்
குவளைக்குள் விழுந்து மிதக்கிறது.
யாரும் எடுத்துப் போடுவதில்லை.

ஆறு ஆட்டம் முடிந்தது, ஆறு மிச்சம்.
முடிந்ததில் நான்கு தோல்வி.
தடுக்கிறவர்கள் பாவம், சுவர் மாதிரி நிற்கிறார்கள்.
பந்தை எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம்தான் கோளாறு.
சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது,
சறுக்கியதற்கும் மஞ்சள் கொடியை எறிந்து
இன்னொரு பத்து கஜம் பின்னால் தள்ளுகிறார் நடுவர்.

எங்கள் கல்லூரி அணிக்குக் கொக்குகள் என்று பேர்.
இந்த வருடம் பேருக்கேற்றபடி
ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.
அந்தக் கால் டொனோவனுடையது.
மற்ற எல்லாம் தோற்றபின் உள்ளே வந்து
பந்தை வானத்துக்கு உதைத்து
எதிரியிடம் கொடுத்துவிட்டுப் போகிற பையன்.
மைதானத்தில் அவனைவிட உழைப்பவன் இல்லை.
கடையில் அவன் எண் போட்ட சட்டைதான் தீர்ந்துபோனது.

"தேறாது" என்கிறார் வெர்லன்.
"முதலில் நடுவில் ஓட்டம். அப்புறமும் நடுவில் ஓட்டம்.
மூன்றாவது கண்ணை மூடிக்கொண்டு ஓர் எறி.
அடுத்தது என்னவென்று
என் மாடுகளுக்கே தெரிந்துவிட்டது."

ஆர்டிஸ் ஹோல்ம்க்விஸ்ட் விடுவதாயில்லை.
விதைக் கம்பெனி கொடுத்த நோட்டில்
ஒவ்வொரு ஆட்டத்தையும் குறித்து வைத்திருக்கிறாள்.
"தொண்ணூற்றெட்டிலும் இதே ஆறு ஆட்டம்.
ஏழாவதில் நாற்பத்தொரு புள்ளி."
"அது வேறு கோச்."
"இதே கோச்."
"அப்போது அவருக்கு முடி இருந்தது."

ரொகேலியோ பேசவே மாட்டான்.
இரவு முழுக்க இறைச்சி ஆலை, பகலில் இந்த லாரி.
இன்று பேசினான்.
"குவாட்டர்பேக்கை ஏன் திட்டுகிறீர்கள்?
பந்து கைக்கு வந்து இரண்டு எண்ணுவதற்குள்
மேலே விழுந்துவிடுகிறார்கள்.
இரண்டு எண்ணுவதற்குள் என் சட்டைப்பையிலிருந்து
சாவிகூட வராது.
இடதுபக்கம் கதவு திறந்தே கிடக்கிறது."

அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
எடைமேடை ஜன்னலும் திறந்துதான் கிடந்தது.
உள்ளே டெலோரா.
இடதுபக்கத்து எழுபத்தொன்று, அவள் பெற்றது.

என் முறை வந்தது. குவளைகளை எடுத்துக்கொண்டார்கள்.
இரும்புக் குழாய் சோளத்துக்குள் இறங்கி ஏறியது.
"பதினெட்டு" என்றாள். "ஈரம். விலையில் பிடித்தம் உண்டு."
சீட்டை நீட்டியவள் விடவில்லை,
அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே
எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:
"கட்டைவிரல் உடைந்து மூன்று வாரம்.
கட்டுப் போட்டுக்கொண்டு ஆடுகிறான்.
சொன்னால் உட்கார வைத்துவிடுவார்களாம்.
எனக்கே துணி துவைக்கும்போதுதான் தெரியும்."
சீட்டை விட்டாள்.

குழியில் கொட்டினேன். வெறும் லாரியை எடைபோட்டேன்.
திரும்பி வரும் வழியில் வரிசையருகே
ஜன்னலை இறக்கினேன்.
"எவ்வளவு?"
"பதினெட்டு."
"பச்சையாக அறுத்துவிட்டாய்" என்றார் வெர்லன்.
"காயும், காற்று அடிக்கிறதே" என்றாள் ஆர்டிஸ்.

இரண்டு மணி நேரமாக எந்தப் பக்கமும் சேராதவன் நான்.
"வருகிற சனிக்கிழமை மூன்று டச்டவுன்" என்றேன்.
"ஒரு பெட்டி பீர் பந்தயம்."
வெர்லன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
"உனக்கு என்ன தெரியும்?"

தெரிந்தது ஒன்றுதான்,
அது அவர் பக்கத்து வாதம்.
"ஒன்றும் தெரியாது" என்றேன்.
"அப்போது இரண்டு பெட்டி" என்று கையை நீட்டினார்.

கண்ணாடியில் பார்த்தேன்.
ரொகேலியோவின் லாரி மேடையில் ஏறிக்கொண்டிருந்தது.
டெலோரா ஜன்னலை
இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தாள்.