வேலைக்குப் போகும் வழி

காலை எட்டே முக்காலுக்கு
முன்கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறேன்.
பூட்ஸ், கம்பளித் தொப்பி, உதட்டில் கொஞ்சம் சாயம்.
வலப்பக்கம் திரும்பி,
தகரச் சுவரைத் தொட்டபடியே நடந்து,
எரிவாயு மீட்டரைத் தாண்டி
பின்கதவைத் திறந்தால்
அலுவலகம் வந்துவிடும்.
நாற்பத்தோரு அடி.
நீரிணைக் காற்று எதிரே அடித்தால் ஐம்பது.

முதல் நாள் பக்கத்து வீட்டு எர்மிந்தா
ஜன்னல் வழியே கேட்டாள்,
"சாவியைத் தொலைத்துவிட்டாயா, யோவன்கா?"
"இல்லை, பஸ் வரவில்லை.
அதனால் நடந்து போகிறேன்."

அதற்கு முன்பெல்லாம்
இரவு உடையைக்கூட மாற்றாமல்
சாப்பாட்டு மேசையில் தைத்துக்கொண்டிருந்தேன்.
வெங்காயத்தின் பக்கத்தில் நூல்கண்டு,
கோட்டுக் கையில் ரொட்டித் துகள்.
அதிகாலை மூன்று மணிக்கும் வேலை முடிந்திருக்காது,
மதியம் மூன்று மணிக்கும் தொடங்கியிருக்காது.
பாஸ்தியானின் சூப்பில் ஒருநாள்
ஜிப்பின் பித்தளைப் பல் ஒன்று வந்தது.
தன் பல்தான் விழுந்ததென்று
தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிப்போனான்.
பல்லுக்குக் காசு வைக்கும் எலியிடம்
அந்த மாதம் காசில்லை.
என் தையல் டப்பாவில் கடன் வாங்கியது.
இன்னும் திருப்பித் தரவில்லை.

பிறகுதான் பின்னறையைக் காலி செய்தேன்.
கேக் தட்டின் பன்னிரண்டு குழிகளில்
பன்னிரண்டு அளவு ஜிப் தலைகள்.
கொடியில் எண் எழுதிய கிளிப்புகள்:
பதினேழு, நண்டுப் படகுக்காரர் ஒபாந்தோவின் மழைக்கோட்டு,
பையைத் தடவினால் இன்னும் உப்பு.
பதினெட்டு, மலைக்குப் போகும் வெளிநாட்டுப் பெண்ணின் கூடாரம்,
நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸுக்குள் வேண்டுமாம்.
பத்தொன்பது, ஒரு கல்யாண உடை.
முதுகில் ஜிப் பிய்ந்திருந்தது.
எப்படி என்று நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை,
சிரிப்பு மட்டும் இருவருக்கும் அடங்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும்
எனக்கு நானே சம்பளம் போடுகிறேன்.
உறைமேல் முழுப்பெயர்.
எண்ணிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு வாங்குகிறேன்.
சில வாரம் அந்த உறையில்
பஸ் கட்டணம்கூடத் தேறாது.
நல்லவேளை, நான் நடந்துதான் போகிறேன்.

ஜூன்.
பத்து மணிக்குத்தான் சூரியன்,
ஐந்தரைக்கெல்லாம் அதுவும் வீட்டுக்குப் போய்விடும்.
மலையேற வந்தவர்கள் மலையிறங்கி
அவரவர் நாட்டுக்குப் போய்விட்டார்கள்.
கொடியில் வெறும் கிளிப்புகள்
வாய் மூடித் தொங்கின.
முதல் நாள் குழிகளைத் துடைத்தேன்.
இரண்டாம் நாள் துடைத்த குழிகளைத் துடைத்தேன்.
மூன்றாம் நாள் மீட்டர் வரை நடந்து நின்றுவிட்டேன்.
யாருக்காக இந்த உதட்டுச் சாயம்?
முள் நகர்வதைப் பார்த்தேன்:
வேலையில்லாவிட்டாலும் குளிருக்குப் பசி தீரவில்லை.

காற்று அப்போது கோட்டைப் பிரித்தது.
நெஞ்சருகே சுருக்கென்று குத்தியது.
ஊக்கு.
இரண்டு குளிர்காலமாக
ஜிப் பழுதான என் கோட்டைப் பிடித்திருப்பது
அந்த ஒற்றை ஊக்குதான்.
ஊர்க் கோட்டையெல்லாம் கழுத்துவரை மூடி அனுப்புகிறவள்
திறந்த மார்போடு வேலைக்கு வந்துகொண்டிருக்கிறேன்.
ஊக்கம், ஊக்கம் என்கிறார்களே,
எனக்கு அதில் ஓர் எழுத்துக் குறைந்து
குத்துவதாகத்தான் வாய்த்தது.

உள்ளே போனேன்.
கிளிப் இருபத்துமூன்று.
வாடிக்கையாளர் பெயர்: யோவன்கா.
எப்போது வேண்டும்: இரண்டு வருடம் முன்பே.
தெரிந்தவளாயிற்றே, தள்ளுபடி உண்டா என்றாள்.
கிடையாது என்றேன்.
பழைய பற்களைப் பிரித்தெடுக்க ஒரு மணி நேரம்,
புதியதை வைத்துத் தைக்க ஒன்றரை.
கீழ்முனையில் தையல் கோணிக்கொண்டது,
பிரித்து மறுபடி தைத்தேன்.
மற்றவர்களுக்கு அப்படித்தானே செய்வேன்.
சம்பள உறையிலிருந்து பணம் எடுத்து
கல்லாவில் போட்டு
நோட்டில் வரவு எழுதினேன்.
ஜூன் மாதத்தின் முதல் வரவு.

ஐந்து மணிக்குப் பின்கதவைப் பூட்டினேன்.
கோட்டு தாடைவரை ஏறி மூடியது.
எர்மிந்தா குப்பையோடு வெளியே நின்றிருந்தாள்.
"இன்றைக்காவது பஸ் வந்ததா?"
"வந்தது" என்றேன்.
"கூட்டமே இல்லை.
உட்கார இடம் கிடைத்தது."