இரண்டாம் இடம்

விளையாட்டைத் தூக்கிவிட்டேன் என்று
கோமளாவிடம் சொன்னது வெள்ளிக்கிழமை.
பொய்யில்லை.
திரையில் பச்சைப் பட்டை ஓடி முடிந்ததை
என் தோளுக்குப் பின்னால் நின்று அவளும் பார்த்தாள்.
கடைசியில் அது கேட்ட கேள்வியை மட்டும் பார்க்கவில்லை:
சேமித்த ஆட்டங்களை வைத்துக்கொள்ளவா?
ஆமாம் என்று ஒரு விரல் சொல்லிவிட்டது.
என் விரல்தான்.

இன்று செவ்வாய். விடிகாலை மூன்று.
சரக்கு முனையத்தில் எனக்கு விடுப்பு,
அது தெரியாமல் உடம்பு விழித்திருக்கிறது.
புக்கிட் பாஞ்சாங், பதினொன்றாம் மாடி.
சி டிரைவ் இன்னும் சிவப்பு.
நூற்றிருபது ஜிபி கிளம்பிப் போனபின்னும்
முப்பத்தேழு எங்கோ உட்கார்ந்திருக்கிறது,
பந்தி முடிந்தும் எழுந்திருக்காத
மாப்பிள்ளை வீட்டு மாமன்களைப் போல.

மறைந்திருப்பவற்றைக் காட்டு என்றேன்.
காட்டியது.
வெளிறிய மஞ்சளில், வெயிலில் கிடந்ததுபோல் ஃபோல்டர்கள்.

இந்த வீடும் எங்கள் கைக்கு இப்படித்தான் வந்தது.
மறுவிற்பனை. காலி என்று சொல்லிச் சாவியைத் தந்தார்கள்.
காலிதான்.
வாசல் நிலைமேல் சிவப்புத் தாளைக் கிழித்த பசை.
சாமி மேடை இருந்த சுவரில் நான்கு ஆணி,
ஊதுவத்திப் புகையின் வட்டம்.
ஏர்கான் ரிமோட்டில் அவர்கள் வைத்த இருபத்து மூன்று.
ஆறு வருடமாகியும் தபால்பெட்டிக்கு
திரு. ஓங் பெயரில் கடிதம் வருகிறது,
கண் பரிசோதனைக்கு அழைத்து.

ரெஜிஸ்ட்ரி என்பதும் அதுதான்.
ஆள் போனபின் பெயருக்கு வரும் கடிதங்கள்.
தவறான ஆணியைப் பிடுங்கினால் வீடே சரியும் என
முன்னதாகவே எச்சரித்தது.
பதினேழு இடங்களில் பெயர். பதினேழும் போயிற்று.
போயின படத்துணுக்குகள்.
நான் செத்த தருணங்களையெல்லாம்
நொடி பிசகாமல் குறித்துவைத்திருந்த ஓர் உரைக்கோப்பும் போயிற்று.

எங்கள் குப்பைக் குழாயில் எதைப் போட்டாலும்
பத்து மாடிக்கும் அது
இடித்துக்கொண்டு இறங்குவது கேட்கும்.
இதில் சத்தமே இல்லை.

பிறகு அந்த ஃபோல்டர்.

முதல் இடம்: அம்பலவாணன்.
அறுபத்தொன்றாம் லெவல்.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் மணி நேரம்.
ஹாஃபிஸும் நானும் பிடித்த கோட்டைகள், எரித்த பாலம்,
கோமளாவின் தம்பி நிச்சயதார்த்தத்தன்று
நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டு
நான் வென்ற வாள்.

இரண்டாம் இடத்தை நான் தொட்டதில்லை.
திறந்தது ஜூன் பதினான்கு, பிற்பகல்.
பெயர்: கோமு.
லெவல் ஒன்று. பதினோரு நிமிடம்.
நீல முடி. அதற்குக் கொஞ்சமும் ஒட்டாத பச்சைக் கவசம்,
பார்த்துப் பார்த்து எடுத்திருக்க வேண்டும்.
சின்னப் படத்தில் முதுகு மட்டும் தெரிந்தது,
கோட்டைக் கதவுக்கு முன்னால்.
உள்ளே போகவில்லை.

அம்பலவாணனை அழித்தேன்.
இவ்வளவு சுலபமா என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.
கோமுவின் மேல் அம்புக்குறி நின்றது.
நின்றுகொண்டே இருந்தபோது
முதல் ரயில் சன்னலுக்கு வெளியே வளைந்தது,
வீடுகளை நெருங்கினால் தன் கண்ணாடிகளைத்
தானே புகையாக்கிக்கொள்ளும் ரயில்.

காலையில் ரொட்டிக்குக் காயா தடவிக்கொண்டிருந்தாள்.
ஏன் கதவைத் திறக்கலை, என்றேன்.
எந்தக் கதவு என்று அவள் கேட்கவில்லை.
"எந்த பட்டன்னு தெரியல. கேக்கலாம்னு வந்தேன்.
நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்கிட்டிருந்தீங்க."
கத்தியைக் கழுவி வைத்தாள்.
"எல்லாம் அழிச்சாச்சா?"

ஒன்று மிச்சம் என்றேன்.
நாற்பது கேபி.

சாயங்காலம் வேலைக்கு இறங்கும்போது
தபால்பெட்டியில் திரு. ஓங்குக்குக் கடிதம்.
இந்தத் தடவை பல்லுக்கு.