சதுரம் பதினேழு

மே மாதக் கடைசி.
ஹொக்கைடோவின் வடமூலையில்
பனி, பள்ளங்களில் மட்டும் மிச்சம்.
என் வேலை எண்ணுவது.
குழாய் வளைத்துச் செய்த ஒரு சட்டம், மீட்டருக்கு மீட்டர்;
தரையில் அதை வைத்து
உள்ளே முளைத்த மரக்கன்றுகளை எழுதிக்கொள்வது.

சட்டம் தரையைத் தொட்டால்தானே.

சாசா என்கிறார்கள்.
நெஞ்சளவு மூங்கில், மலை முழுக்க.
தூரத்துப் பார்வைக்கு மலை களைகட்டியிருக்கும்.
கிட்டே போனால்தான் தெரியும்,
கட்டியிருப்பது களை.

சுற்றுலா வண்டியிலிருந்து இறங்கிப் படமெடுக்கிறார்கள்.
அந்தப் படங்களில் ஒரு குட்டி மரம்கூட இல்லை என்பதை
யாரும் பெரிதாக்கிப் பார்த்ததில்லை.

சதுரம் ஒன்று: பூஜ்யம்.
இரண்டு: பூஜ்யம்.
பதினாறு வரைக்கும் அப்படியே.
மேலே கிழட்டு பிர்ச்சுகள்
வருஷம் தவறாமல் விதை தூவுகின்றன,
ஆள் காலிசெய்து போன தெருவுக்கு
விடாமல் கடிதம் போடுகிறவர்கள் மாதிரி.

பதினேழில் ஒரு விழுந்த மரம்.
பாசி மூடி, விரல் வைத்தால் ரொட்டியாய் அமுங்கியது.
அதன் முதுகில்
ஸ்ப்ரூஸ் கன்றுகள் ஒன்பது,
வெள்ளத்தில் கூரைமேல் ஏறி உட்கார்ந்த குடும்பம்.
ஒன்பது என்று எழுதும்போது
பென்சில் முனை உடைந்தது.

ஆகஸ்டில் ஒரிகாசா எந்திரத்தோடு வந்தாள்.
குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளுகிறவள்,
கோடையில் மலையில் மூங்கில் சுரண்டுகிறவள்.
"ரெண்டும் ஒரே வேலைதான்" என்றாள்.
"அடியில தரைன்னு ஒண்ணு இருக்கான்னு பாக்கணும்."

இரும்புப் பற்கள் இறங்கின.
வேர்ப்பாய் உரிந்தது,
ஒரு முழக் கனம்,
ஜமுக்காளம் கிழிகிற சத்தம்.
எத்தனையோ வருஷம் வெயில் பார்க்காத மண்
கண் கூசிக் கிடந்தது.

கீழ்ச்சரிவில் குராமோச்சி என்பவர்
களிமண் தெரியும்வரை வழித்தெடுத்திருந்தார் முன்னொரு காலம்.
பலகைபோல் சுத்தம்.
இன்றும் அங்கே தண்ணீர் நிற்கிறது,
தவளை இருக்கிறது.
மரம் இல்லை.

அதனால் ஒரிகாசா
அள்ளியதை அந்தரத்தில் உதறினாள்,
வேரை ஓரம் தள்ளிவிட்டு
கறுப்பு மண்ணைத் திரும்பப் பரப்பினாள், சாண் அளவு.
ஒரு பட்டை சுரண்டல், ஒரு பட்டை விடுதல்.
சரிவைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அதே வேர்தான்;
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
பதினேழாம் சதுரத்தை மட்டும்
நான் சொல்லாமலே சுற்றிப் போனாள்.

மறுநாள் காலை, புது மண்ணில்
முதல் கையெழுத்து கரடியுடையது.
வசந்தத்தில் அது வந்து உட்காரும் பந்தியில்
பாதி இலையை நாங்கள் எடுத்துவிட்டோம்.

மூன்றாம் ஜூன்.
சதுரம் நான்கு: நாற்பத்தொன்று.
விரல் தவறி மறுபடி எண்ணினேன்,
நாற்பத்து மூன்று.
தீக்குச்சி உயர பிர்ச்சுகள் தோளோடு தோள்,
ஒன்றன் வெளிச்சத்தை ஒன்று குடித்துக்கொண்டு.
இவற்றில் ஒன்று தப்பித்தால் அதிகம்.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: போட்டித் தாவரம் எது?
மூன்று வருஷமாக சாசா என்றே நிரப்பி வந்தேன்.
ஒரிகாசா எட்டிப் பார்த்தாள்.
"இப்ப யாருன்னு எழுதுவே?"

நான் யோசித்துக்கொண்டிருந்தபோது
அவள் பட்டையின் ஓரத்துக்குப் போனாள்.
விட்ட பக்கத்திலிருந்து எல்லை தாண்டி
சாசாவின் இளங்குருத்துகள் வரத் தொடங்கியிருந்தன.
குனிந்து ஒவ்வொன்றாய் ஒடித்து
பிளாஸ்டிக் பையில் போட்டாள்.
மிசோவில் வெந்தால் ராத்திரிக்கு ஆகும்.

பை நிறைவதற்குள் நிமிர்ந்து,
இடுப்பு மணியை ஒருமுறை ஆட்டிவிட்டு,
மீதியைக் கரடிக்கு விட்டாள்.